மயிலாத்தாள் வீட்டுக் கொடியில் ஒரு புதுச் சட்டை

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் நான் போன வாரம் நம் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஒரு வேலையாக வந்திருந்தேன். உங்களில் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர், என்னை டீக்கடைக்கு அழைத்துப்போய்க் கேட்டார்: "சார், பென்ஷன் விசாரணைக்கு ஊடு ஊடாப் போறமுங்களே, மொதல்ல எதப் பாக்கோணும்?"

சில வருடங்களுக்கு முன்பென்றால் மூச்சு விடாமல் பதில் சொல்லியிருப்பேன். கூரை, தரை, சமையலறை, வாசலில் நிற்கும் வண்டி என்று வரிசையாக ஒப்பித்திருப்பேன். அன்று வடையைப் பிய்த்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அது உறுத்தியது. ஆகவே உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. எதைப் பார்த்துக் கெட்டேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

எனக்கு ஒரு வேண்டாத குணம் உண்டு. அரசாங்கம் நேராகக் கணக்கில் போடும் பணம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தபின் என்ன ஆகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. நானாகக் கேட்பேன். இடுக்கியில் சூரியநெல்லிப் பக்கம் வேலை பார்த்த காலத்திலேயே இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் "மருந்துக்குத்தான் சார் செலவாகுது" என்பார்கள். நல்ல திடகாத்திரமான ஓர் அம்மா அப்படிச் சொன்னபோது, என்ன மருந்தும்மா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா திகைத்து மகளைப் பார்த்தார். மகள் மெதுவாக, "இருமல் மருந்துன்னு சொல்லும்மா" என்றாள். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

வாய் சொல்வதை நம்பக்கூடாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்று அன்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஒரு பக்கம் இருக்க, கண் ஒரு சுற்றுச் சுற்றி வரும். புது மிக்சி, புது வாளி, வெள்ளையடித்த சுவர், கட்டுத்தறியில் ஓர் ஆட்டுக்குட்டி. பணம் போன இடத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். அலுவலகத்தில் அதற்காக எனக்குப் பெயரும் இருந்தது. அந்தப் பெயரோடுதான் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம், எங்கள் சொந்தக்காரர்கள் நிறைந்த எல்லைப்புறப் பஞ்சாயத்துக்கு மாற்றலாகி வந்தேன்.

அங்கே ஒரு நாள் ஒரு புகார் வந்தது. எழுதியவர் பெரிய தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள விவசாயி. எனக்கு மாமன் முறை. விதவைப் பென்ஷன் வாங்கும் மயிலாத்தாள் என்ற பெண்ணைப் பற்றியது புகார். புருஷன் தென்னை ஏறிக்கொண்டிருந்தவன், சிறுநீரகம் கெட்டு இறந்துபோனான். எட்டாவது படிக்கும் ஒரு மகள், இரண்டாவது படிக்கும் ஒரு மகன். வாய்க்கால் ஓரத்தில் பஞ்சாயத்து கட்டிக்கொடுத்த இரண்டறை வீடு. புகாரில் இருந்தது இவ்வளவுதான்: அந்தப் பெண் ஒரு வருடமாக யாரிடமும் கைமாற்று கேட்பதில்லை, கூப்பிட்டால் வேலைக்கு வருவதில்லை, ஆகவே ஆண் துணை இருக்க வேண்டும், ஆகவே பென்ஷனுக்குத் தகுதி இல்லை.

அறுபது வயதாகாத விதவைகள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஆண்டுதோறும் சான்று கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சான்றுகளைச் சரிபார்த்து அனுப்பக் கடைசி நாள் அது. சாயங்காலத்துக்குள் பட்டியல் போயாக வேண்டும். காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நேராக எங்கே போனேன் தெரியுமா? மாமாவின் தோட்டத்துக்கு. அதுதான் முதல் தப்பு. விசாரணை முடிவதற்கு முன்பே புகார் கொடுத்தவர் வீட்டு இளநீர் என் வயிற்றுக்குள் போய்விட்டது.

மாமா கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். மயிலாத்தாள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காரை அனுப்பியவர் அவர்தான். அவர் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க மாப்ளே. நம்ம தோட்டத்துல கேட்டு நான் எப்ப இல்லீன்னு சொன்னேன்? வட்டின்னு ஒரு பைசா வாங்குனதுண்டா? பத்து வருசமா அந்தப் புள்ள நம்மகிட்டத்தான் வாங்கும், நம்மகிட்டத்தான் வேல செய்யும். வெடிஞ்சா கட்டுத்தரையில வந்து நிக்கும். இப்ப சாணி வழிக்க ஆளில்லாம எம் பொண்டாட்டி வழிக்கறா. கேட்டா, இனிமே முடியாதுங்கன்னு சொல்லிப்போட்டுது. ரெண்டு கொழந்தைய வெச்சுக்கிட்டு ஒருத்தி கடனே வேண்டாங்கறான்னா, பின்னால ஆளில்லாம எப்படி மாப்ளே?"

கட்டுத்தரை என்பது மாடு கட்டும் இடம். எங்கள் பக்கத்து வழக்கம் இது. வேலை கிடைக்காத மாதங்களில் கூலிக்காரக் குடும்பங்கள் தோட்டத்தில் முன்பணம் வாங்கும். வட்டி கிடையாது. ஆனால் வாங்கிய வீட்டுப் பெண் விடியற்காலையில் வந்து சாணி அள்ளி, மூத்திரம் கழுவி, வாசல் கூட்டிவிட்டுத்தான் கூலி வேலைக்குப் போவாள். இதற்குக் கூலி இல்லை. இதை யாரும் வட்டி என்று சொல்வதுமில்லை, மரியாதை என்பார்கள். நான் பிறந்ததும் அப்படி ஒரு தோட்டத்தில்தான். அதனால் மாமா கேட்ட கேள்வியில் எனக்கு எந்தக் கோணலும் தெரியவில்லை. கடன் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதற்கு ஆண் துணையைத் தவிர வேறு காரணம் எனக்கும் தோன்றவில்லை.

பிறகு மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். அன்று வேலை இல்லையாம், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன், வழக்கமான பதில்களைச் சொன்னாள். கண் தன் சுற்றைத் தொடங்கியது. மிக்சி இல்லை. ஆடு இல்லை. சுவரில் பழைய சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. ஒன்றரை வருடமாக வந்த பணம் எங்கே போயிற்று என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அப்போதுதான் கொடியைப் பார்த்தேன்.

கொடியில் ஓர் ஆண் சட்டை கிடந்தது. முழுக்கை, நீலக் கட்டம், புத்தம் புதிது. காலரின் விறைப்புக்கூடப் போகவில்லை.

காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெயிலுக்கும் செடி உரசி அரிப்பதற்கும் அதுதான் தடுப்பு. ஆனால் அது எப்போதும் புருஷன் போட்டுக் கழித்ததாக இருக்கும். காலர் நைந்திருக்கும், பித்தான்கள் பாதி போயிருக்கும். தனக்கென்று கடையில் புதுச் சட்டை எடுக்கிற கூலிக்காரப் பெண்ணை அதுவரை நான் பார்த்ததே இல்லை. பார்த்திராத ஒன்று என் புத்திக்கு எட்டவும் இல்லை.

"இது யார் சட்டை?" என்று கேட்டிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஒரு விதவையிடம் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகக்கூட ஒரு பெருமை. நேராக அலுவலகம் வந்து, ஆண் துணை இருப்பதற்கான அறிகுறி வீட்டில் நேரில் காணப்பட்டது, விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதிவிட்டேன். கேட்கக் கூசியதை எழுதக் கூசவில்லை பாருங்கள்.

அப்போதைய செக்ரட்டரி பாலக்காட்டு டவுனிலிருந்து வரும் மலையாளப் பெண். என் மகள் வயது இருக்கும். பட்டியலில் கையெழுத்துப் போடும்போது என் அறிக்கையில் பேனாவை நிறுத்தினார்.

"சாரே, இது கண்டதோ, கேட்டதோ?"

"கண்டது மேடம்."

மணி நாலரை ஆகியிருந்தது. இன்னும் ஒரு கட்டுத் தாள் பாக்கி. கையெழுத்துப் போட்டார்.

மயிலாத்தாள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். பென்ஷன் ஒரு மாதம் தாமதமானாலே ஆட்கள் படையெடுத்து வரும் அலுவலகம் நம்முடையது. அவள் வரவில்லை. முதல் மாதமும் வரவில்லை, இரண்டாவது மாதமும் வரவில்லை. குற்றம் உள்ளவள் எப்படி வருவாள் என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஆனாலும் அந்த வாய்க்கால் பக்கம் நான் ஸ்கூட்டரைத் திருப்பவில்லை.

அந்தச் சமயத்தில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தோட்டத்துக்காரர்களுக்குப் பத்திரிகை வைப்பதென்றால் விடியற்காலையில் போக வேண்டும், வெயில் ஏறினால் ஆளைப் பிடிக்க முடியாது. நானும் என் மனைவியும் தாம்பாளத்தோடு மாமா தோட்டத்துக்குப் போய் இறங்கினோம். கட்டுத்தரையில் ஒரு பெண் குனிந்து சாணி வழித்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. கைகளை அவள் அளவுக்கு வெட்டித் தைத்திருந்தாள். தோள் தொங்காமல் கச்சிதமாக இருந்தது.

பக்கத்தில் அவள் மகள் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். மனைவி உள்ளே போய்விட்டாள். மாமா வெளியே வந்து என் தோளில் கை போட்டு, "பாத்தீங்களா மாப்ளே, இப்பத்தான் வழிக்கு வந்துருக்குது. வந்து கேட்டதும் ஒடனே குடுத்துட்டேன், ஒரு வார்த்த பேசல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

பத்திரிகை வைத்து முடித்ததும் கட்டுத்தரைக்கு வந்தேன். ஒரு வழியாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். "இது உன் சட்டையா மயிலாத்தா?"

அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். "ஆமாங்க. அவரு சட்டையெல்லாம் நைஞ்சு போச்சுங்க. எருத்தேன்பதிப் பக்கம் தக்காளிக் காட்டுக்கு வண்டியில ஆளுக கூட்டிட்டுப் போறாங்கல்லங்க, அதுக்குன்னு பொள்ளாச்சிச் சந்தையில எடுத்தனுங்க. அங்க கூலி கொஞ்சம் சேத்திக் குடுக்கறாங்க. காலையில ஏழு மணிக்கு வண்டி. சாணி வழிச்சுட்டுப் போனா வண்டியப் புடிக்க முடியாதுங்க. பென்சன் வந்துட்டிருந்ததால இங்க வாங்கறத நிறுத்துனனுங்க. வாங்கறத நிறுத்துனதால இதையும் நிறுத்துனனுங்க."

மகள் பக்கம் தலையை ஆட்டினாள். "நான் இங்க வந்துட்டா சோறாக்கித் தம்பியக் கெளப்பறது எல்லாம் இவதானுங்க. தெனமும் மொத பீரியட் போயிரும். ஒரு வருசமாத்தான் பெல்லடிக்கறதுக்கு முன்னாடி போயிட்டிருந்தா. இப்ப வேல சீக்கிரம் முடியட்டும்னு இங்கயும் கூட வந்துர்றா."

இவ்வளவுதான் விஷயம். அந்தப் பணத்தில் மயிலாத்தாள் வாங்கியது விடியற்காலை இரண்டு மணி நேரம். அது எந்த மூலையிலும் அடுக்கி வைக்கிற பொருள் இல்லை. நான் வீடு முழுக்கத் தேடியும் கண்ணில் படாமல் போனது அதனால்தான். கண்ணில் பட்ட ஒரே ஒரு பொருளையும் தப்பாகப் படித்தேன்.

"ஆபீசுக்கு வந்து சொல்லியிருக்கலாமே" என்றேன். சொன்ன உடனே ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

"வந்து என்னன்னுங்க சொல்றது? உங்க நோட்டீசு மலையாளத்துல இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துல மலையாளம் படிக்குதுன்னு எம் புள்ளயத்தான் படிக்கச் சொன்னேன். அம்மாவுக்கு ஆளிருக்குதுன்னு எழுதியிருக்காங்கன்னு எம் புள்ள வாயாலதானுங்க கேட்டேன்." மண்வெட்டியைக் கீழே வைக்காமலே பேசினாள். "ஆபீசுல நூறு பேரு நிப்பாங்க. அங்க வெச்சு நீங்க அதே கேள்வியக் கேட்டா, நாளைக்கு இவ எப்படிப் பள்ளிக்கூடம் போவா?"

அந்தப் பெண் குழந்தை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவே இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் முப்பது வருட வேலையில் அந்த அளவுக்கு நான் வெட்கப்பட்டதில்லை.

என் அறிக்கை தவறு என்று சொல்ல அன்றே செக்ரட்டரியிடம் போனேன். அது அவ்வளவு சுலபமாக வாயில் வரவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. மகள் கல்யாணம் வேறு. மெமோ வந்தால் ஊரே பேசும். புதிய தகவல் கிடைத்துள்ளது என்று பூசி மெழுகி ஒரு குறிப்பு எழுதினாலும் வேலை நடந்திருக்கும். அப்படித்தான் எழுதியும் கொண்டு போனேன். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"புதிய விவரம் ஒண்ணும் இல்லல்லோ சாரே. சட்டை அன்னைக்கும் அதே சட்டை. கண்டது என்ன, கேக்காம விட்டது என்ன, அப்படியே எழுதுங்க."

எழுதினேன். சட்டை நிறம், கேட்கக் கூசியது, புகார் கொடுத்தவர் எனக்கு மாமன் முறை என்பது, முதலில் அவர் வீட்டுக்குப் போய் இளநீர் குடித்தது, எல்லாம். இளநீரை எழுத வேண்டாம் என்று அவர் சிரித்தார். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மெமோ வந்தது. மாமா என் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். நிறுத்திய பென்ஷனைத் திரும்பத் தொடங்குவது நிறுத்துவதைப்போல ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் இல்லை. இன்னும் இரண்டு மாதம் இழுத்தது. அதுவரை அந்தத் தாயும் மகளும் கட்டுத்தரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பணம் மொத்தமாக ஏறிய அன்று நானே போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள், நம் மனதும் ஆறும் என்ற நினைப்பு. மயிலாத்தாள் ஏற்கெனவே போனில் மெசேஜ் பார்த்திருந்தாள்.

"பணம் வந்துருச்சுங்க சார். தோட்டத்துக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டேன். நாளையிலிருந்து வண்டிக்குப் போறேன். ஆனா பேச்சு போகலீங்களே. சாரு எழுதுனதாலதான் ஊருக்குள்ள எல்லாரும் நம்புனாங்க."

"பென்ஷன் திரும்பவும் வருதுன்னா, தப்பில்லேன்னு தானே அர்த்தம்?" என்றேன்.

"உங்களுக்கு அர்த்தமாகுமுங்க. ஊருல யாரு எம் பாஸ்புக்கப் பாக்கறாங்க?" என்றாள். "ஒண்ணு பண்ணுங்க. காலையில வண்டி நிக்கற எடத்துக்கு வாங்க. எல்லாரும் இருப்பாங்க. நீங்களே உங்க வாயால சொல்லிப்போட்டுப் போங்க."

இதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று மனதுக்குள் தேடினேன். பஞ்சாயத்து ஊழியர் சாலையில் நின்று மன்னிப்புக் கேட்பதா என்றும் தோன்றியது. வேறு எங்கேயாவது வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டேன். அவள் உள்ளே போய் அடுப்பு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனேன். வாய்க்கால் பாலத்தருகே ஒரு பிக்கப் வண்டி நின்றது. ஆறேழு பெண்கள் சோற்றுத் தூக்குப் போசியோடு நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் சொல்ல வந்ததுகூட ஒரு கணம் மறந்துபோயிற்று. அவர்களில் நான்கு பேர் அதே நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார்கள்.

"நான் எழுதுனது தப்பு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். "மயிலாத்தா வீட்டுக்கு எந்த ஆளும் வந்ததில்ல. கொடியில ஒரு சட்டையப் பாத்துட்டு, யாருதுன்னு கேக்காம நானா எழுதிட்டேன். தப்பு என்னோடது."

பிறகு நீலக் கட்டச் சட்டைக்காரி ஒருத்தி, வயதில் மூத்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க சார், அந்தச் சட்டைய எடுக்கறப்ப நாங்க நாலு பேருந்தான் சேந்து போனோம். எனக்கு அப்ப கையில காசில்ல, மயிலாத்தாதான் பென்சன் காசுல எனக்கும் சேத்து எடுத்துக் குடுத்துச்சு. தெனமும் இந்தப் பாலத்துல, இதே சட்டையோடதான் நிக்கறோம். ஒரு நாளு நீங்க இந்தப் பக்கம் வந்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே."

அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். நாங்கள் விசாரணைக்குக் கிளம்பும்போது இவர்கள் தக்காளிக் காட்டில் இரண்டு மணி நேர வேலையை முடித்திருப்பார்கள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். மயிலாத்தாள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஏறோணும்."

வண்டியின் பின்பக்கத்தை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன். விலகி நின்றேன்.